கம்பி நின்ற இடம்

கம்பி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, எண்ணெய் தடவிய இரும்புக் கம்பி, முழங்கை அளவு போய், என் உயரம் அளவு போய், அதற்கும் மேலே எங்கும் முட்டாமல் இறங்குகிறது, அந்தத் துப்பாக்கிக் குழாய்க்கு அடியே இல்லை, கனவில் எப்போதும் அப்படித்தான், முட்டாமல் இறங்குவதைப் பார்த்து எனக்கு அழுகை வருகிறது, காலிதான் காலிதான் என்று சொல்லிக்கொண்டே விழிக்கிறேன். விழித்ததும் கம்பி நின்றுவிடுகிறது, நான்கு விரல் வெளியே நீட்டிக்கொண்டு, நான்கு வருடங்களாக அதே இடத்தில்.

எங்கள் ஊர் வேட்டைக்காரன் தீர்த்தன் செத்த எட்டாம் மாதம் அவன் பெண்சாதி குஞ்சாயியிடம் அதை வாங்கினேன், குழாய் வாய் வழியாக வெடிமருந்தைக் குத்தி நிரப்பிக் கெட்டிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கி, கட்டையில் தீர்த்தனின் தாடை பட்டுப் பட்டு வழவழவென்று ஒரு பள்ளம். அதுவரை நான் துப்பாக்கியைத் தொட்டவனில்லை, என் மரவள்ளிக் காட்டைப் பன்றிகள் மூன்று வருடமாகக் கிண்டிப்போட்டன, தகரம் தட்டினேன், தீ மூட்டினேன், அவற்றுக்கு நான் பழகிப்போனேன். எங்கள் மலையில் விற்கிறவர் முன்னால் உள்ளே மருந்து இருக்கிறதா என்று குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்க்கிற வழக்கமில்லை, பார்த்தால் அவர் வார்த்தையை அளந்ததாக ஆகும், செத்தவன் துப்பாக்கி என்றால் செத்தவனையே அளந்ததாக ஆகும், ஆகையால் சாக்கில் சுற்றி அப்படியே தோளில் வைத்துக்கொண்டேன், நல்ல கை பட்ட சாமான் அண்ணே, பத்திரமா வெச்சுக்க, என்றாள் குஞ்சாயி, அவள் கண் சாக்கின் மேலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்துதான் விட்டுப் பார்த்தேன், குழாயோடு சமமாக அடங்கவேண்டிய கம்பி நான்கு விரல் வெளியே நின்றது. துரு, என்று நினைத்தேன், குளவி கூடு கட்டியிருக்கும், என்று நினைத்தேன், கம்பி இந்தத் துப்பாக்கியுடையதே இல்லை, என்று நினைத்தேன், ஒரு மனிதன் ஒரு நிமிடத்தில் எத்தனை நினைக்கிறான், நினைக்க வேண்டிய ஒன்றைத் தவிர. கழற்றிப் பார்க்க அடிவாரத்துக் கொல்லனிடம் போகவேண்டும், லைசென்ஸ் இல்லாததைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது, நடந்தால் போக ஒரு நாள், வர ஒரு நாள், அன்று காலைதான் பன்றி இறங்கியிருந்தது, ஈரமண்ணில் குளம்புத்தடம் அப்படியே இருந்தது, வாசலில் சடையன் வந்து நின்றுவிட்டான். சடையன் என் மனைவி பாவாயியின் தம்பி, வீட்டுக்கு வந்த துப்பாக்கியில் முதல் வெடி மச்சான் வைக்கவேண்டும் என்பது எங்கள் முறை, அதற்காகக் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கிறவனின் சிரிப்போடு வந்திருந்தான்.

என்ன மாமா, பன்னிக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைச்சிட்டியா, என்கிறான், அவன் குரல் எனக்கு இப்போதும் அந்த வாசலிலேயே கேட்கிறது, கொழாயில கம்பி வுட்டுப் பாத்தியா, என்கிறான், பாத்தேன், என்கிறேன், காலியா, என்கிறான். காலிதான் மச்சான். அவ்வளவுதான், அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு மூச்சுகூட முழுதாக வேண்டியிருக்கவில்லை. அவன் உள்ளங்கையில் கரிமருந்தை அளந்து கொட்டுகிறான், தேங்காய் நாரைத் திணித்துக் குத்துகிறான், ஈய ரவை, மேலே மறுபடி நார், கொட்டும்போது ஒரு சிட்டிகை கூடுதலாக விழுகிறது, பன்னி பெருசுல்ல மாமா, என்று கண்ணடிக்கிறான், அந்தக் கண்ணைத்தான்.

உண்ணிமுள் புதருக்குள் பன்றி பகலுறக்கத்தில் கிடந்தது, சடையன் சுட்டான், சத்தம் வந்தபோது அது எழுந்து ஓடியதை நான் பார்த்தேன், அதை ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை, பக்கத்தில் மச்சான் விழுந்து கிடக்கிறான், நான் ஓடுகிற பன்றியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழாய் அடியில் பிளந்திருந்தது, இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது, வலது கண் போயிற்று, ஆஸ்பத்திரியில் கோயில் வேட்டு வெடித்தது என்று சொன்னோம், பெண் வீட்டார் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள், பிறகு வரவில்லை. அவனைப் பார்க்க வந்த குஞ்சாயி என்னைத் தனியே கூப்பிட்டு, சாமை அறுத்த கையோட அவரு கெட்டிச்சு மாட்டினதுண்ணே, துப்பாக்கி வெறும் வயித்தோட தொங்கக் கூடாதும்பாரு, நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன், என்றாள். கம்பி நின்றதை அவளிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகு சடையன் காட்டையும் நான்தான் உழுகிறேன், சட்டைப் பித்தான் போட்டுவிடுகிறேன், பீடி பற்றவைத்துக் கொடுக்கிறேன், மாமா மாதிரி ஆளு இந்த மலையில உண்டா அக்கா, என்று அவன் பாவாயியிடம் சொல்லும்போது எழுந்து வெளியே போய்விடுகிறேன், என்னை அடக்கமானவன் என்கிறார்கள்.

நேற்றுக் காட்டோரப் பாறையில் உட்கார்ந்திருந்தோம், காற்று அடித்தது, சடையன் தானாகச் சிரித்தான், உள்ளங்கை அளவுதான் மருந்துன்னு எங்கப்பன் தலதலையா அடிச்சுக்குவான் மாமா, நான் கேட்டனா, பேராச புடிச்ச கை, சாமி புடுங்கிக்கிச்சு, என்று விரலில்லாத கையை உயர்த்திக் காட்டினான். நான்கு வருடங்களாக அவன் இதைத்தான் சொல்கிறான், டீக்கடையில், கோயிலில், கண்ட சின்னப் பையன்களுக்கெல்லாம் புத்தியாக, நான் பக்கத்திலேயே இருந்து கேட்டிருக்கிறேன், நேற்று என் வாய் தானாகத் திறந்துகொண்டது. கம்பி முழுசா எறங்கல மச்சான், என்றேன், நாலு விரல் வெளிய நின்னுச்சு, உன்கிட்ட காலின்னு சொன்னேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை, மிஞ்சிய கண்ணால் மரவள்ளிச் செடிகளைப் பார்த்தான், ஒரு பருந்து மேலே சுற்றிவிட்டுப் போயிற்று, நிழல் எங்கள் காலைத் தாண்டிற்று, அப்ப நான் போட்டது சரியான அளவுதானா, என்று கேட்டான். சரியான அளவுதான். அந்த ஒரு சிட்டிகையால ஒண்ணுமில்லையா. ஒண்ணுமில்ல.

மடியிலிருந்து பீடியை எடுத்து உதட்டில் வைத்தான், பழக்கத்தில் என் கை தீப்பெட்டிக்கு நீண்டது, அவன் பெட்டியைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டான், முதல் குச்சி ஒடிந்தது, இரண்டாவது பற்றிக் காற்றில் அணைந்தது, மறைப்பாக நான் உள்ளங்கையைக் கொண்டுபோனேன், அவன் உடம்பையே அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான், மூன்றாவது, நான்காவது, முதுகு மட்டும் எனக்குத் தெரிகிறது, உரசுகிற சத்தம், அணைகிற வாடை, பெட்டியில் இன்னும் நிறையக் குச்சிகள் இருந்தன.