கரும்புக்குள் போனால் அவுட்

1

என்னிடம் கேட்டது அரைப் பக்கம். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இதைப் படிக்கப் போகும் நீங்கள் மூன்று பேரும் கிரிக்கெட் போட்டியை நடத்தும் குழுவினர். தாள்களின் கனத்தைப் பார்த்ததும் வேறு யாருக்கோ போக வேண்டியது உங்களிடம் வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். உங்களுக்குத்தான். அரைப் பக்கத்தில் சொல்லிப் பார்த்தேன், இப்படி வந்தது:

"எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் பந்து கரும்புக்குள் போனால் அடித்தவர் அவுட் என்பது உண்மை. இப்படிக்கு—"

படித்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடுத்ததாக:

"மேகம் கறுத்துக் கிடந்த ஒரு காலையில் சந்திரலேகா மட்டையை—"

(அன்றைக்கு மேகமே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அழகுக்காக ஒரு பொய்யை முதல் வரியில் வைத்தால் மிச்சத்தையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அடித்துவிட்டேன்.)

அதனால் கதையாகவே எழுதுகிறேன். இதில் கரும்புக் கொல்லையில் வேலை செய்கிற ஒருத்தி வருகிறாள். அவளுக்கு சுபஸ்ரீ என்று பேர். "நான்" என்று எழுதினால் பேனா நின்றுவிடுகிறது, "அவள்" என்றால் ஓடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் உங்களுக்குத் தெரிந்த பகுதி.

கள்ளக்குறிச்சியில் பதினான்கு வயது அணிகளின் இறுதி ஆட்டம். ஆணும் பெண்ணும் கலந்து ஆடலாம் என்பது உங்கள் விதி. கடைசிப் பந்து, வெற்றிக்கு மூன்று ரன், மட்டை சந்திரலேகா கையில். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவள் அவள். பந்து காலுக்கு நேராக வந்தது. தூக்கி இடது பக்கம் அடித்தாள். அந்தப் பக்கம் ஆளே இல்லை. பந்து எல்லைக்குள்ளேயே விழுந்து, புல்லில் சோம்பேறித்தனமாக உருண்டது. நடந்தே மூன்று ரன் எடுத்திருக்கலாம்.

சந்திரலேகா நடந்தாள். ஆனால் மைதானத்துக்கு வெளியே. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசத்தின் வாரைக் கழற்றியபடி, அவுட் ஆனவர்கள் நடப்பதுபோல.

எதிர்முனையிலிருந்து பாரதி ஓடி வந்து சேர்ந்துவிட்டான். "ஏ லேகா, எங்க போற, ஓடு" என்று அவன் கத்தியது அவள் காதில் விழவில்லை. தலைக்கவசம் பத்தொன்பது வயது அணியுடையது, அதற்குள் இடியே விழுந்தாலும் கேட்காது. எதிரணியினர் நிதானமாகப் பந்தை எடுத்து வந்து, அவள் போயிருக்க வேண்டிய ஸ்டம்பைத் தட்டினார்கள். ரன் அவுட். இரண்டு ரன்னில் தோல்வி.

அம்பயர் கொளஞ்சியப்பன், அந்தப் பெண் ஏதோ கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேறு என்னதான் நினைப்பது?

மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பது வென்ற அணியிலிருந்துதான். பேர் வந்தால் லேகா படிக்கட்டும், வராவிட்டால் சாமை அறுப்புக்கு மேலே வந்துவிட வேண்டும், அப்புறம் இறங்க வேண்டாம் என்று அவள் அப்பா மூக்கன் சொல்லியிருக்கிறார்.*

* முதல் வரைவில் மூக்கனைக் கெட்டவராக எழுதி, முரட்டு மீசையும் வைத்திருந்தேன். பிறகு, முன்பொரு நாள் அவரை விடுதி வாசலில் பார்த்தது ஞாபகம் வந்தது. மகளுக்கென்று ஒரு பை நெல்லிக்காய் கொண்டு வந்திருந்தார். மேலே அவருக்கு அறுக்க ஆளில்லை, அவ்வளவுதான். மீசையை எடுத்துவிட்டேன்.

3

இனி உங்களுக்குத் தெரியாதது.

எங்கள் மைதானத்தில் ஒரே முனையிலிருந்துதான் பந்து வீசுவார்கள். மறுமுனையில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் தடம். அதனால் அடிக்கிறவருக்கு எப்போதும் இடது பக்கம் சின்னக்கண்ணுவின் கரும்புக் கொல்லை. பந்து உள்ளே போனால் பையன்கள் புகுந்து தேடுவார்கள், கரும்பு சாயும், சின்னக்கண்ணு கத்துவார். வருஷா வருஷம் நடப்பதுதான்.

இந்த வருஷம் ஜூலையில் பள்ளி அணிகளுக்கு ஒரே ஒரு புதுப் பந்து வந்தது. வந்த அன்றே பத்தொன்பது அணிக் கேப்டன் அஜய் அதைக் கரும்புக்குள் அடித்தான். அது கரும்பின் காய்ந்த இலையை, சோகையை, உரித்துக்கொண்டிருந்த சுபஸ்ரீயின் காலடியில் வந்து நின்றது. அஜய் வரப்பில் நின்று குரல் கொடுத்தான்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா? பந்து வந்துச்சாக்கா?"

அக்கா. பத்தாவது வரை ஒரே வகுப்பில் இருந்தவன். கணக்கில் இவளைப் பார்த்து எழுதியவன். இவள் மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, முகமெல்லாம் சோகைத் தூசி. வெளியே வந்து நீட்டினால் முகத்தைப் பார்ப்பான். பார்த்தால் ஏன் ஸ்கூலுக்கு வரலை என்று கேட்பான்.

சுபஸ்ரீ உட்கார்ந்துவிட்டாள். மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

"யாருமில்லடா" என்று அஜய் திரும்பிப் போனான்.

மறுநாள் கொடுத்துவிடலாம் என்றிருந்தாள். மறுநாள் பி.டி. சார் அன்புச்செல்வன் பதினான்கு, பதினாறு, பத்தொன்பது என்று மூன்று வயது அணியையும் நிற்க வைத்து, இருந்த ஒரு புதுப் பந்தும் தொலைந்தது, இனிமேல் கரும்புக்குள் போனால் அவுட், ஆறு கிடையாது, நான்கு கிடையாது, அம்பயரைப் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். கரும்புக்குள்ளிருந்து அதைக் கேட்ட பிறகு, பந்தைக் கொடுப்பது சும்மா பந்தைக் கொடுப்பதாக இல்லை. ஒரு நாள் தள்ளினாள், ஒரு வாரம் தள்ளினாள்.

சரி. அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். பந்து இந்தத் தாள்களோடு இருக்கிறது. தையல்கூட விடவில்லை.

4

(குழுவினர் அவசரத்தில் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டலாம். ஆனால் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது இதற்குத்தான்.)

வெளியூர் மைதானங்களில் கரும்பு இல்லாவிட்டாலும், அந்த விதி பழகிய கையோடு மூன்று அணியும் சீசனுக்குப் போயின. பத்தொன்பது அணி ஐந்து ஆட்டத்தில் நான்கு தோற்றது. இவர்களுக்கு இடது பக்கம் ஆள் நிறுத்துவது தண்டம் என்று எதிரணிகள் இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுகொண்டன. வடக்கனந்தலில் அஜய் தவறிப்போய் அந்தப் பக்கம் ஒரு நான்கு அடித்துவிட்டு, எல்லைக்கு வெளியே நின்ற சாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். பதினாறு அணி இரண்டு வென்று இரண்டு தோற்றது, ஒன்று மழை.

பதினான்கு அணி மட்டும் எல்லாவற்றையும் வென்றது. காரணம் எளிது. அந்தப் பிள்ளைகளுக்குக் கரும்பு வரை தூக்கி அடிக்கவே வலு இல்லை, விதி அவர்களைத் தொடவில்லை.

ஒருத்தியைத் தவிர. சந்திரலேகா பயிற்சியில் பதினோரு முறை கரும்புக்குள் அடித்தாள். பதினோரு முறையும் யாரும் சொல்லாமலே மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். உள்ளே இருந்து பார்த்தவள் எண்ணியிருக்கிறாள்.

5

ஆட்டம் முடிந்த மறுநாள் அன்புச்செல்வன் சார் வரப்புக்கு வந்தார். கடைசிப் பந்தை மறுபடி வீச வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறாராம். அவுட் ஆகாமலே அவுட் என்று நினைத்து நடந்தவரைத் திரும்பக் கூப்பிட விதியில் இடம் இருக்கிறதாம். ஆனால் அப்படி ஒரு பழக்கம் உண்டு என்று பள்ளிக்கு வெளியே இருக்கிற யாராவது எழுதித் தர வேண்டும்.

சின்னக்கண்ணு அணைப் பக்கம் போயிருந்தார். சார் எங்களைப் பார்த்தார். நான் கரும்பைப் பார்த்தேன். பக்கத்தில் சோகை உரித்துக்கொண்டிருந்த பெரியம்மாள் அக்கா நிமிராமலே சொன்னாள்:

"இதோ இவ எழுதுவா சார். நாள் பூரா வாய்க்குள்ள பேசிக்கினு, வூட்டுக்குப் போனா நோட்டு நோட்டா எழுதறா. நான் ஒரு நா எடுத்துப் பாத்தேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெகிரியமா வெச்சிருக்கா."

சார் என் முகத்தைப் பார்த்து, "நீ பத்தாவது சுபஸ்ரீ தான?" என்றார்.

அவருக்குப் பின்னால் சந்திரலேகா நின்றிருந்தாள். அவளாக எதுவும் கேட்கவில்லை. இன்னா நெனச்சி நடந்த என்று பெரியம்மாள் அக்காதான் கேட்டாள்.

"அவுட்டுன்னு தான் நெனச்சேன். அந்தப் பக்கம் மேல போச்சுல்ல. அங்க கரும்பு இல்லன்னு பாதி வழியிலதான் தெரிஞ்சிது" என்றாள் லேகா. பிறகு, "அப்பா வியாழக்கெழம வராரு" என்றாள்.

6

இப்போது முடிவு. இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: மனு தள்ளுபடி. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் மூக்கன் வருகிறார். தகரப் பெட்டியை அவரே தூக்கிக்கொள்கிறார். லேகா ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, மலை திரும்புகிற இடத்தில்—

இது நன்றாக வந்தது. தங்குதடையில்லாமல் ஒரே மூச்சில் இரண்டு பக்கம். எனக்கு ஏற்கெனவே தெரிந்த வழி, அதனால்தான். அதைக் கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: மனு ஏற்கப்படுகிறது. கடைசிப் பந்து மறுபடி வீசப்படுகிறது. லேகா அதைத் தூக்கி—

இங்கே நின்றுவிட்டது. அவள் அடிக்கலாம், தவறவிடலாம், பயந்துபோய் வலது பக்கமே தட்டலாம். அதை என்னால் முடிவு செய்ய முடியாது. அந்தப் பந்து அவளுடையது. ஆனால் அந்தப் பந்து உண்டா என்பது உங்களுடையது. இன்று திங்கட்கிழமை.

என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்: பந்து வீசுகிற பையனை ஓட்டம் தொடங்குகிற கோட்டில் நிறுத்தியிருக்கிறேன். பாரதி எதிர்முனையில் குனிந்து தயாராக இருக்கிறான். லேகா தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, காது கேட்கும்படி ஒரு தொப்பி போட்டிருக்கிறாள். கொளஞ்சியப்பன் ஆட்டத்தை நிறுத்தக் கையைக் குறுக்கே நீட்டியவர், அதை இறக்காமல் உங்கள் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.

இப்படிக்கு,
சுபஸ்ரீ