முதல்ல தமிழ் படிங்க

மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை அதற்குள் மரியாதையாக ஏறிக் குந்துகிற ஆள். ஏறாவூர் இஷாம் இந்த ஒழுங்கைக் குழப்பினான். பிடிவாதத்தால் அல்ல, பூகோளத்தால். தோஹாவில் ஏ.சி. திருத்தப் போன ஒரு தையற்கடையில் அளவெடுத்துத் தைக்கிற மரிவிக் என்ற பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கண்டான். கடையின் ஏ.சி. மாதத்துக்கு நாலு தடவை பழுதாகத் தொடங்கியது. ஒரு வருஷத்தில் அவள் மர்யம் ஆனாள், நிக்காஹ் முடிந்தது, இருவரும் ஊருக்கு வந்து இறங்கினார்கள். பெண் வீடோ இலோயிலோ என்ற ஊரில், நாலு கடலுக்கு அப்பால். ஆகவே இஷாம் ஊரிலேயே வீடில்லாத ஒரே மாப்பிள்ளையாகி, வாவிக் கரையோரம் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தான்.

வந்து எட்டு மாதம். விசா, முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒழுங்கு. ஊரின் முத்திரைதான் விழவில்லை. வேலை தேடிப் போன இடமெல்லாம் ஒரே பாட்டு: “முதல்ல தமிழ் படிங்க, பிறகு பாப்பம்.” பேக்கரியில் சொன்னார்கள். மருந்துக் கடையில் சொன்னார்கள். பாசிக்குடா ஹோட்டலில் இங்கிலீசு போதுமே என்று போனால், வெள்ளைக்காரர்கள் உள்ளூர் முகத்தைப் பார்க்கத்தானே வருகிறார்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். உள்ளூர்க்காரருக்கு அவள் வெளியூர், வெளியூர்க்காரருக்கு உள்ளூர் போதாது.

அவள் தமிழ் படிக்காமலும் இல்லை. இஷாமின் தங்கை ஸாதியா மதினி கொஞ்சம் சொல்லிக் கொடுத்தாள். மிச்சம் முழுக்க, காலையில் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருகிற முத்தலிப்பிடம் பேரம் பேசிப் படித்தது. “இது நேத்து மீன்!”, “கண்ணப் பாருங்க, செத்து மூணு நாள்!”, “ஏலாது, குறைங்க!” இப்படித்தான் அவள் தமிழ் வளர்ந்தது. அதனால் அவள் ‘ஸலாம்’ சொன்னாலும் விலை குறைக்கச் சொல்வது போலவே கேட்கும். கெஞ்சுவதற்கு அவளுக்குத் தெரிந்த தமிழில் ஒரு சொல்லும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை தோஹாவின் பழைய கம்பனியிலிருந்து இஷாமின் போனுக்கு வேலைக் கடிதம் வந்தது; காலையிலேயே பிரின்ட் எடுத்து வந்தான். இரண்டு வருஷம், தனியாள்.

“ரெண்டு வருஷம்தானே,” என்றான் இஷாம்.

மர்யமின் தகப்பனும் கப்பலில் வேலை செய்தவர். அவரும் ஒவ்வொரு முறையும் இரண்டு வருஷம்தானே என்றுதான் சொன்னார். சின்ன வயதில் அவள் அவரைக் கண்டது மொத்தமாக ஏழு முறை. ஏழிலும் அவர் அவளுக்குக் கொண்டு வந்த சப்பாத்து ஒரு அளவு சின்னது.

“எனக்கு வேலை கிடைச்சா நீங்க போகல்ல,” என்றாள்.

பாசிக்குடா ஹோட்டல்களில் ஏ.சி. திருத்துகிற வேலை இஷாமுக்கு இருந்தது. ஆனால் வெள்ளைக்காரர் வருகிற மாதங்களில்தான். இன்னொரு சம்பளம் வந்தால் வீடு ஓடும்.

“சரி, கிடைச்சாப் போகல்ல,” என்று சிரித்துக்கொண்டே கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். “பின்னேரம் நாலு மணிக்குள்ள அனுப்பணுமாம். போன்ல எடுத்த படம் ஏலாதாம். நான் பாசிக்குடா போறன், நீ கடைத்தெருவில ஸ்கேன் பண்ணி அனுப்பிரு.”

அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். கடைத்தெருவுக்குப் போனாள். ஸ்கேன் கடைக்கு நேர் எதிரே மஜீட் ஹாஜியாரின் அபாயாக் கடை, பெண்கள் மேலே போடுகிற கறுப்பு அங்கி தைக்கிற இடம். அவள் எதிர்ப்பக்கம் ஏறினாள்.

ஹாஜியார் பதின்மூன்று வருஷம் சவூதியில், தம்மாமில் இருந்து வந்தவர். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு வெட்டு மேசைக்குப் பின்னால் நின்றார். ஓரத்தில் இரண்டு மிசின். ஒன்று சும்மா கிடந்தது. மற்றதில் செங்கலடியிலிருந்து பஸ்ஸில் வருகிற பிரஷாந்தி.

“ஹாஜியார், வேலை இரிக்கா?”

“ஒங்கட தையல் நல்லமெண்டு ஸாதியா சொன்னவ, மகள். ஆனா முதல்ல தமிழ்...”

“நீங்க தம்மாம் போன நேரம் அரபு தெரியுமா?”

ஹாஜியார் இதை எதிர்பார்க்கவில்லை. “கொஞ்சம் தெரியும்.”

“எத்தின சொல்லு?”

“‘அய்வா’, அதெண்டா ஓம்... ‘மாஃபி முஷ்கிலா’, பிரச்சினை இல்ல...”

“மூணாவது?”

ஹாஜியார் மூன்றாவது சொல்லை முகட்டில் தேடினார். அங்கே காற்றாடி மட்டும் சுற்றியது. பிரஷாந்தியின் மிசின் நின்றுபோனது. அவள் குனிந்து நூலைத் தேடுவது போல முகத்தை மறைத்தாள்.

“அது வேற, மகள்.”

“என்ன வேற?”

“அது அரபிட ஊரு. அவனுக்கு ஆள் தேவைப்பட்ட.”

மர்யம் மூலையைக் காட்டினாள். அளவு பிழைத்துத் திரும்பி வந்த அபாயாக்கள் அங்கே கறுப்பாகக் குவிந்து கிடந்தன. “ஒங்களுக்கும் தேவை. அங்க நீங்க நான். இங்க நான் நீங்க.”

இலக்கணப்படி அந்த வசனம் எங்கேயும் நிற்காது. ஹாஜியாருக்கு என்னவோ விளங்கிவிட்டது. விளங்கிய எரிச்சலில், “போயிட்டு ஆறு மாசத்தால வாங்க,” என்றார்.

“போகல்ல. ஆள் வரட்டும். நான் தைக்கிற பாருங்க. பிறகு சொல்லுங்க.” வாடிக்கையாளருக்கான முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முத்தலிப்பிடம் இப்படி உட்கார்ந்துதான் அவள் ஒரு கிலோ கிளிமீனை ஒன்றேகால் கிலோவாக வாங்குவாள்.

பத்து நிமிஷத்தில் ஆமினா உம்மா வந்தார். வந்தார் என்றால், கடையில் பாதி நிரம்பியது. பத்து நாளில் அவர் மகள் றுக்ஷானாவுக்குக் கல்யாணம். கையிலிருந்த புது அபாயாவை மேசையில் போட்டார்.

“ஹாஜியார், இது ஆருக்குத் தைச்ச? எனக்கா, எண்ட வீட்டு விளக்குமாத்துக்கா?”

“நீங்க தந்த அளவுதானே, ஆமினா உம்மா.” ஹாஜியார் அளவு உடுப்பை எடுத்து விரித்தார். ஆண் என்பதால் அவரால் பெண்களை அளக்க முடியாது. தைக்கிற பெண்பிள்ளைகளுக்கு அளக்கத் தெரியாது. ஆகவே தைக்கக் கொடுக்கிற பெண்கள் அளவுக்கென்று வீட்டிலிருந்து ஒரு பழைய அபாயாவைக் கொண்டு வருவார்கள். அதை வைத்து வெட்டுவார்கள். இதில் ஒரேயொரு சிக்கல்: ஒருத்தியும் இன்றைக்குப் போடுகிற உடுப்பைக் கொண்டு வருவதில்லை, தனக்குப் பிடித்த வருஷத்து உடுப்பைத்தான் கொண்டு வருவாள். ஆமினா உம்மா கொண்டு வந்தது மூன்றாவது பிள்ளைக்கு முந்தினது. அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை.

மர்யம் எழுந்தாள். சும்மா கிடந்த மிசினில் தொங்கிய டேப்பை எடுத்தாள். உடுப்புப் போட்டுப் பார்க்கிற இடத்தின் திரையை விலக்கினாள்.

“வாங்க உம்மா.”

“இது ஆரு? இஷாம்ட பொண்டாட்டியா? என்ன செய்யப் போறா?”

“அளக்க. கை தூக்குங்க. மூச்சு விடுங்க. உள்ள இழுக்கப்படாது!”

ஆமினா உம்மாவுக்கு இப்படி அதட்டுகிற ஆளை அவருடைய தாய்க்குப் பிறகு இப்போதுதான் கண்ட மாதிரி. பேசாமல் கையைத் தூக்கினார்.

பிழை இங்கேதான் நடந்தது. தோஹாவில் முன்னால் நின்று அளப்பவள் பின்னால் நிற்கிற வெட்டுக்காரனுக்கு அளவைக் கத்திச் சொல்ல வேண்டும். பத்து மிசின் இரைச்சலில் எவரும் எவருடைய அளவையும் கவனிப்பதில்லை. இங்கே ஓடியது ஒரு மிசின். அதுவும் அப்போது நின்றிருந்தது. தமிழில் அவள் நெஞ்சு நிமிர்ந்து சொல்லக்கூடியது எண்கள்தான். நெஞ்சு நிமிர்ந்தே சொன்னாள்.

“நெஞ்சு நாப்பத்தாறு! இடுப்பு நாப்பத்தெட்டு!”

வாசலில் தொப்பி விலை கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் தொப்பியைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றார்கள்.

“யா அல்லாஹ்! மெதுவாச் சொல்லு புள்ள! பஸ்ஸில போறவனும் கேட்டிட்டுப் போறான்!”

வெளியே ஹாஜியார் தலையில் கையை வைத்தார். “பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னன், முதல்ல தமிழ்...”

திரை படாரென்று விலகியது. டேப் கழுத்தில் தொங்க மர்யம் நின்றாள். காது வரை சிவந்திருந்தது. “நாப்பத்தாறு தமிழ் இல்லையா?”

“தமிழ்தான்,” என்றாள் பிரஷாந்தி, நூலைத் தேடுவதை விட்டுவிட்டு.

“பிழை எண்ட. சத்தம் பிழை. அது தோஹா பிழை. தமிழ்ப் பிழை இல்ல!”

ஹாஜியார் கழுத்து டேப்பைக் கழற்றிச் சுருட்டினார். திரைக்குள் ஆமினா உம்மா என்ன நினைத்தாரோ தெரியாது. அதுதான் மர்யமைப் பயமுறுத்தியது. ஆமினா உம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தக் கடை மட்டுமல்ல, ஏறாவூரில் உள்ள எந்தக் கடையின் படியும் ஏற முடியாது. எதிரே ஸ்கேன் கடை திறந்திருந்தது. மணி பதினொன்றரை. கைப்பையில் கடிதம். இரண்டு வருஷம்தானே.

“புள்ள,” திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. “நாப்பத்தாறா? மெய்யாவா?”

மர்யம் உள்ளே போனாள். ஒரு நொடி நல்ல பொய் ஒன்றைத் தேடினாள். அதற்கும் அவளிடம் தமிழ் இல்லை. “மெய். டேப் பொய் சொல்லாது.”

ஆமினா உம்மா பெருமூச்சு விட்டார். “பதினஞ்சு வருஷமா எண்ட உடுப்பெல்லாம் தண்ணியில சுருங்குதெண்டு சோப்புக்காரனைத்தான் திட்டினன்.” பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்க, திரைக் கம்பி ஆட. “மறுகா அள. இந்த முறை வாயைத் திறக்கப்படாது. தாளில எழுது.”

தாள் வேண்டும். திரைக்கு வெளியே மேசையில் பில் புத்தகம் இருந்தது. கையை நீட்டினால் எடுக்கலாம். மர்யம் கையை நீட்டவில்லை. கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தாள், புரட்டினாள், முதுகுப் பக்கம் வெள்ளையாக இருந்தது. நெஞ்சு, இடுப்பு, தோள், கை, உயரம். சொல் தெரியாத இடங்களில் உடம்புப் படம் கீறி அம்பு போட்டாள். அம்பெல்லாம் நேராக இருந்தது.

“ஹாஜியார்,” ஆமினா உம்மா வெளியே வந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார், “இனி என்னை இவதான் அளக்கணும். றுக்ஷானாவையும், மாப்பிள்ள வீட்டாரையும் அனுப்புறன். அந்தப் பழைய அபாயாவைத் தாங்க, மேசை துடைக்கலாம்.”

அவர் போன பிறகு ஹாஜியார் தாளை வாங்கினார். அளவுகளைப் பார்த்தார். புரட்டினார். கம்பனி முத்திரை, அரபு, இங்கிலீசு, கீழே இஷாமின் கையெழுத்து. இந்த மாதிரித் தாளை அவர் கண்ணை மூடிக்கொண்டே வாசிப்பார்.

“மகள், இது இஷாம்ட...”

“ஓம்.”

“தெரிஞ்சா எழுதின?”

“தெரிஞ்சுதான்.”

ஹாஜியார் தாளை மேசையில் வைத்து நீவினார். “நான் தம்மாமில இரிந்து முதல் முறை வந்து இறங்கக்குள்ள எண்ட மூத்தவளுக்கு அஞ்சு வயசு. என்னைக் கண்டிட்டு உள்ள ஓடி, ‘உம்மா, ஆரோ ஒரு மாமா வந்திரிக்காரு’ எண்டு சொன்னவள்.” பிறகு அந்தத் தாளைச் சுவரில் ஓர்டர்கள் குத்துகிற ஆணியில் ஓங்கிக் குத்தினார். ஆணி இஷாமின் கையெழுத்துக்குள்ளால் போனது. “சரி. நாளைக்கு வாங்க.”

“இண்டைக்கு. கல்யாணத்துக்குப் பத்து நாள்தான்.”

“சரி, இண்டைக்கு.”

“இன்னொண்டு.”

“என்னகா இன்னொண்டு?”

“‘முதல்ல தமிழ் படிங்க’ இனிச் சொல்லப்படாது.”

ஹாஜியார் பிரஷாந்தியைப் பார்த்தார். பிரஷாந்தி மிசினை மிதித்தாள். “மாஃபி முஷ்கிலா,” என்றார் ஹாஜியார்.

மூன்றரை மணிக்கு இஷாம் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். சட்டையெல்லாம் ஏ.சி. தூசி. எட்டுத் தடவை போன் அடித்தும் பதில் இல்லாததால், வழியில், காலையில் தொப்பி விலை கேட்டு நின்ற அந்த இரண்டு பேரிடம் விசாரித்து வந்திருந்தான். அவர்கள் என்ன சொன்னார்களோ, முகம் பாதிச் சிரிப்பும் பாதிக் கலவரமுமாக இருந்தது. மர்யம் வெட்டு மேசையில் கறுப்புத் துணியை விரித்து, வாயில் ஊசி கடித்தபடி நின்றாள்.

வழக்கமாக இருவரும் தோஹாவில் பழகிய கலப்பு மொழியில் பேசுவார்கள், பாதி இங்கிலீசு, பாதி அரபு. அவன் அதில்தான் கேட்டான், கடிதம் அனுப்பினாயா என்று.

அவள் ஊசியை எடுத்தாள். தமிழில் சொன்னாள். “இல்ல. எனக்கு வேலை கிடைச்ச.”

“கடிதம் எங்க?”

அவள் ஆணியைக் காட்டினாள். இஷாம் கிட்டப் போய்ப் பார்த்தான். தன் பெயருக்கு மேலே ஆமினா உம்மாவின் இடுப்பு பின்பக்கத்திலிருந்து நிழலாகத் தெரிந்தது. ஹாஜியார் திடீரென்று கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போடத் தொடங்கினார்.

“மர்யம், போன்ல இரிக்கி அது. இன்னும் அரை மணித்தியாலம் இரிக்கி. இன்னொரு பிரின்ட் எடுக்கலாம்.” சொன்னானே தவிர, அவன் கால் எதிர்க்கடைப் பக்கம் திரும்பவில்லை.

“எடுங்க,” என்றாள் மர்யம். குரல் முத்தலிப்பிடம் பேரம் பேசுகிற குரல். “ஏறாவூரில பொம்புள நிறைய. அதிலயும் அளவு எழுதுவன்.”