பத்தடிக்கு அப்பால்

சேஷன் வாங்கிய லென்ஸைப் பார்த்து, தலைநகரத்து ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸே சிரித்தது. செங்கோட்டைக்குப் பின்னால் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் கிடந்த கிழக்கு ஜெர்மனிச் சரக்கு. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் இருநூறு மில்லிமீட்டர். உள்ளே ஓரமாகப் பூஞ்சை படர்ந்திருந்ததால் மலிவு. அவனுடைய பழைய கேமராவில் அதைத் திருகி மாட்டினால், கையில் இருப்பது கேமராவா குழவிக்கல்லா என்று சந்தேகம் வரும்.

மாடி வீட்டு ராஜலக்ஷ்மி மாமிதான் அதற்குப் பீரங்கி என்று பெயர் வைத்தாள்.

"பீரங்கியைத் தூக்கிண்டு எங்கேடா கிளம்பிட்டே? யார் மேல யுத்தம்?"

"தண்ணித் தொட்டிக்கு, மாமி. பருந்து வரது."

"பருந்து என்னடா பண்ணித்து பாவம்!"

மனைவி வத்சலா தவறிப்போன பிறகு சேஷன் மனிதர்களைப் படம் எடுப்பதில்லை. அதற்குக் கிட்டப் போக வேண்டியிருந்தது. கிட்டப் போனால் எல்லோரும் ஏதாவது கேட்டார்கள். பருந்து ஒன்றும் கேட்காது. மாமியும் கேட்கமாட்டாள். கேலி செய்வாள், ஒரு கிண்ணம் குழம்பை வைப்பாள், போய்விடுவாள். அதனால் அவள் ஓர் உதவி கேட்டபோது அவனால் மறுக்க முடியவில்லை.

மாமியின் பிள்ளை வைத்தி பிலாயில் என்ஜினீயர். சேஷன் அவனைப் பார்த்ததில்லை. வைத்திக்கு லோதி ரோடில் ஒரு ஜாதகம் பொருந்தியிருந்தது. பெண் பெயர் ஜலஜா. ஸ்டூடியோ படம் வந்திருந்தது. பவுடர், பாதி திரும்பிய முகம், பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா.

"இந்த ஸ்டூடியோவுல யாரை உட்கார வெச்சாலும் ரம்பைதான். நான் உட்கார்ந்தாலும் ரம்பைதான்" என்றாள் மாமி.

"வாஸ்தவம், மாமி."

"வாயை மூடு. அவ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மலை மந்திர் கோயிலுக்கு வருவாளாம். படி இறங்கறச்சே, அவளுக்குத் தெரியாம, இயல்பா ஒண்ணு எடு. உன் பீரங்கிதான் தூரத்திலேர்ந்தே சுடுமே."

"தப்பில்லையா?"

"பருந்துகிட்ட அனுமதி வாங்கிண்டா எடுக்கறே?"

பிப்ரவரி வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது சேஷன் மலையடிவாரத்து வேப்பமரத்தடியில் நின்றான். அந்த லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. இடது உள்ளங்கை அடியில் தாங்க வேண்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்ட வேண்டும். பாதி மூச்சை விட்டு நிறுத்த வேண்டும். பொத்தானை அமுக்கக் கூடாது, எலுமிச்சம்பழம் போலப் பிழிய வேண்டும். பருந்து விஷயத்தில் இதெல்லாம் தானாகவே நடந்தது. இன்று ஒவ்வொன்றையும் நினைவுபடுத்திச் செய்தான்.

அவள் வந்தாள். பச்சைப் புடவை. மூக்கின் மேல் தடித்த கண்ணாடி. சேஷன் திகைத்தான். ஸ்டூடியோ படத்தில் கண்ணாடி இல்லை. அவள் பாதிப் படியில் நின்று கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். அந்த நேரம் பிழிந்தான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே பார்த்தாள். நேராக லென்ஸுக்குள்.

பிறகு இறங்கி வந்தாள். சேஷன் கேமராவை இறக்காமல், தெளிவுக்காக லென்ஸ் வளையத்தைத் திருகிக்கொண்டே இருந்தான். வளையம் முடிந்துவிட்டது. அவள் முடியவில்லை. இன்னும் வந்தாள். பச்சை மேகமாகக் கலைந்தாள். அவன் கேமராவை இறக்கியபோது எதிரே நின்றாள்.

"யே க்யா ஹை, பாய்ஸாப்?"

இது என்ன என்று அவள் ஹிந்தியில் அதட்டியதும் சேஷன் விழித்தான்.

"ஓ, தமிழா! முழியிலேயே தெரியறது. பிலாய் பையனோட அம்மா அனுப்பிச்சாளா?"

தலையை ஆட்டினான்.

"போலீஸைக் கூப்பிடலை, பயப்படாதீங்கோ. நான் கிட்ட வந்ததும் ஏன் கீழே இறக்கிட்டேள்?"

"பத்தடிக்குள்ள வந்தா இதுல தெளிவாத் தெரியாது."

"எங்க ஆபீஸ் அண்டர் செக்ரட்டரிக்கும் இதே வியாதிதான்." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "கண்ணாடி போட்டிருந்தப்போ எடுத்தேளா, கழட்டினப்போவா?"

"கழட்டினப்போ."

"ஸ்டூடியோவுலயும் அம்மா கழட்டத்தான் சொன்னா. போன தடவை மீரட்லேர்ந்து ஒருத்தன் வந்தான். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆச்சு. என் கண்ணாடியைப் பார்த்ததும் காப்பியைப் பாதியில வெச்சுட்டுப் போயிட்டான். அப்பா ஒரு வாரம் ஆபீஸ் போகலை. இன்னொரு தடவை அப்பாவை அப்படிப் பார்க்க முடியாது. வேண்டாம்னா பிலாய்லேர்ந்தே சொல்லட்டும். கண்ணாடியோட ஒண்ணு எடுங்கோ."

"வெளிச்சம் போயிடுத்து. கை ஆடும்."

"ஆடினா மரத்துல சாஞ்சுக்கோங்கோ. மரம் எதுக்கு இருக்கு?"

அவளே மறுபடி படியேறினாள். பாதியில் திரும்பி, "இவ்வளவு தூரம் போதுமா? இல்லை, லோதி ரோடுக்கே போயிடட்டுமா?" என்று கத்தினாள். தேங்காய்த் தட்டோடு இறங்கிய ஒருவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜலஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேஷன் மரத்தில் முதுகைச் சாய்த்துப் பிழிந்தான். நிறுத்திய மூச்சை விட மறந்துபோனான்.

ஃபிலிம் கழுவி வந்தபோது அவள் படங்கள் இரண்டும் தேறியிருந்தன. முதல் படத்தில் கண்ணாடி இல்லை. புடவை இழைகூடத் தெரிந்தது. அதைப் பார்த்தால் வைத்தி மறுநாளே ரயிலேறுவான். இரண்டாவது விளிம்பில் சற்று ஆடியிருந்தது. கண்ணாடி பளபளக்க அவள் நேராகப் பார்த்துச் சிரித்தாள். அதைக் கொடுத்தால் சம்பந்தம் கெடலாம். ரகசியம் உடைந்ததும் தெரிந்துவிடும். குழம்பும் நிற்கலாம்.

முதல் படத்தை இரண்டாகக் கிழித்தான். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, மற்றதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

மாமி ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். "சோடாபுட்டி!"

"ஆமாம், மாமி."

"அவளுக்குத் தெரியாம எடுன்னேன். இவ உன்னைப் பார்த்துன்னா சிரிக்கறா? இது என் பிள்ளைக்கு எடுத்ததா, உனக்கு எடுத்ததா?"

சேஷன் நடந்ததைச் சொன்னான். மீரட் காப்பிவரை சொன்னான். மாமி படத்தை ஜன்னல்மேடையில் கவிழ்த்தாள். மூலையில் விரிந்திருந்த செய்தித்தாளுக்குப் பின்னால், அவள் கணவர் வேதாந்தம் சிரிப்பில் குலுங்கினார்.

"சொல்லேண்டி" என்றார்.

"நீங்க சும்மா இருங்கோ."

"நாம லோதி ரோடுக்கு அனுப்பின படத்துல நம்ம பிள்ளையோட கண்ணாடி எங்கே போச்சுன்னு கேளுடா, சேஷா. அது இல்லாம அவனுக்குத் தட்டுல இருக்கற இட்லியே தெரியாது."

மாமி படத்தை இன்னொரு தரம் பார்த்தாள். "ஒரு படத்துக்குக் கழட்டினா என்ன ஆயிடும்னு நினைச்சேன்" என்றாள். அப்புறம், "நன்னாத்தான் சிரிக்கறா. இதையே பிலாய்க்கு அனுப்பறேன். ஹோலிக்கு அவன் வரான். அவனையும் கண்ணாடியோட எடுத்து அவாளுக்குக் கொடு. சரிக்குச் சரி."

"அச்சா, மாமி."

"என்ன அச்சா? வந்தது வந்தே, என்னையும் ஒண்ணு எடு."

சேஷன் கேமராவைத் தூக்கினான். மாமி கலங்கித் தெரிந்தாள். பின்னால் நகர்ந்தான், முதுகு சுவரில் இடித்தது. சர்க்கார் கொடுத்த கூடத்தில் பத்தடி இல்லை.

"தெரியலை, மாமி."

"அந்தப் பீரங்கியைக் கழட்டிட்டு சின்ன லென்ஸைப் போடேண்டா, அசடு. நான் என்ன பருந்தா?"

சின்ன லென்ஸ் கீழே, வத்சலாவின் பீரோவில் இருந்தது. அவள் போனதிலிருந்து அவன் அந்தப் பீரோவைத் திறக்கவில்லை. வாசல்வரை போய் நின்றான்.

"ஜல்தி போயிட்டு வாடா! தலை வாரிண்டு நிக்கறேன்."

படியிறங்கினான்.