நாலு எண்ணிச் சுடுகிறவர்

1

இந்தக் கதை எனக்கு நவோதாஸ் மீன் சந்தையில் கிடைத்தது. கிடைத்தது என்பது மரியாதைக்கு. மீன்காரி ஃபெலிசா பால்கெண்டைக்குச் செதில் எடுத்துக்கொண்டே சொன்னாள். வீட்டுக்கு வந்ததும், மீனைக் கழுவுமுன்பே, முதல் வரியை எழுதிவிட்டேன்:

"நடிகர் கிரிசாந்தோ கண்ணாடியில் தன் முகத்தை

வேண்டாம். கண்ணாடியில் அவர் என்ன பார்த்தார் என்று எனக்கெப்படித் தெரியும்? ஃபெலிசா சொன்னதோடே போகிறேன்.

2

மூன்று வருடம் முன்பு, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவள் மகன் நெஸ்டோரைச் சந்து முனையில் சுட்டுக் கொன்றார்கள். சன்னல் வழியே பார்த்த எதிர்வீட்டுக்காரி சொன்னாள்: பின்னால் இருந்தவன் இறங்கி, நெற்றி, மார்பு, தோள் என்று சிலுவை போட்டுக்கொண்டு, பிறகுதான் சுட்டான்.

அந்தச் சைகை ஊருக்கே தெரியும். சட்டம் விட்டுவிட்ட அயோக்கியனைக் கிரிசாந்தோ பத்துப் பன்னிரண்டு படங்களில் அப்படித்தான் தீர்த்திருக்கிறார்.*

அன்றிலிருந்து பூசையில் ஃபெலிசாவின் கை நெற்றிவரை போகும். கீழே இறங்காது.

* அந்தப் படங்களுக்கு ஃபெலிசாவே விசிலடித்திருக்கிறாள், மடியில் நெஸ்டோரை வைத்துக்கொண்டு. இதை அவள் மூன்று தடவை சொன்னாள். நான் ஒரு தடவை எழுதுகிறேன்.

3

போன வருடம் அவளுடைய பங்குக் கோயிலிலேயே கிரிசாந்தோவின் புதுப்படத்துக்குப் படப்பிடிப்பு. மீன் கூடையோடு நுழைந்தாள். சமையலுக்கு என்று நினைத்து யாரும் தடுக்கவில்லை. ஓரத்து பெஞ்சில் அவர் பூண்டுச் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். சுடறதுக்கு முன்னாடி சிலுவை போடுறீங்களே, அப்ப மனசுக்குள்ள என்ன ஜெபம் சொல்வீங்க?"

"ஜெபமா? எண்ணுவேன்க்கா. நாலு வரைக்கும். கேமரா கையிலேர்ந்து மூஞ்சிக்கு வர அவ்வளவு நேரம் வேணும்னு முதல் படத்துல சொன்னாங்க."

"வேற ஒன்னும் இல்லையா?"

"சீக்கிரம் எண்ணிட்டா திட்டு விழும்." சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து, "ஏன்க்கா?" என்றார்.

சொன்னாள். அவர் தட்டைக் கீழே வைத்தார். பிறகு எல்லோரும் கேட்பதையே அவரும் கேட்டார்.

"பையன் என்ன பண்ணினான்?"

"நீங்களுமாண்ணே," என்று ஃபெலிசா கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

4

(இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கிரிசாந்தோ நடிப்பை விட்டுவிட்டு மடத்தில் சேர்கிறார். மற்றதில் ஃபெலிசா கூடையிலிருந்து கத்தியை... இரண்டும் அவருடைய படங்கள்தான். கிழித்துவிட்டேன்.)

நடந்தது இது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. கயிற்றுக்குப் பின்னால் கூட்டத்தோடு நின்றாள். மதியம் அந்தக் காட்சியில் கிரிசாந்தோ கையை நெற்றிக்கு உயர்த்தாமல் வெறுமனே சுட்டார். ஏழு தடவை எடுத்தார்கள். ஏழு தடவையும் அப்படியே. டைரக்டர் சத்தம் போடவில்லை. ஸ்டண்ட்காரன் ஒருவனுக்கு அதே சட்டையை மாட்டி, அவன் கையை மட்டும் தனியாகப் படம்பிடித்துக்கொண்டார்.

படம் வந்தது. அந்தக் கைக்குத்தான் தியேட்டர் எழுந்து நின்றது. ஃபெலிசாவும் போயிருந்தாள்.

"அது அவரு கை இல்லன்னு பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட சொன்னேன். 'படத்தப் பாரும்மா'ன்னுட்டான்."

பூசையில் அவள் கை இப்போது மார்புவரை இறங்குகிறதாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

5

நெஸ்டோர் செய்தது என்ன, அல்லது ஒன்றும் செய்யவில்லையா என்பதை அவள் எனக்குச் சொன்னாள். இரண்டாம் வரைவில் அந்த வாக்கியம் இருந்தது. சந்தையில் கதையை வாசித்துக் காட்டியபோது அங்கே வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அத எடுத்துடு."

"அது இல்லாம கதை நிக்காதுக்கா."

"நிக்கலன்னா உக்காரட்டும்."

எடுத்துவிட்டேன். அது இருந்த இடம்:

[                                                    ]

இரண்டாம் பகுதியிலிருந்தே அதற்காகத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுதும்போது நானும் காத்திருந்தேன். வேண்டுமானால் நிரப்பிக்கொள்ளுங்கள். நீங்கள் எதை எழுதினால் அந்த மோட்டார் சைக்கிள் பின்சீட்டுக்காரன்மேல் உங்கள் கோபம் குறைகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.