கொடியில்லாத படகுகள்

போர் முடிந்து ஐந்து வருஷமாகியும் ஜப்பானில் எங்கள் ஷிமோனோசெக்கி நீரிணையில் கண்ணிவெடிகள் தீர்ந்தபாடில்லை. போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்கள் போட்டுவிட்டுப் போனவை. இப்போது அதே அமெரிக்கர்கள்தான் நாட்டை ஆண்டார்கள். அவர்கள் மேற்பார்வையில் நாங்களே அவற்றைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தோம். அந்த வேலையில் இருந்தவர் சொனொபே. முன்பு கடற்படைக்காரர். புதிய அரசியல் சட்டம் போரும் வேண்டாம், படையும் வேண்டாம் என்று எழுதிவிட்டதால் கடற்படை என்று ஒன்று இல்லாமல் போனது. அவர் கடல் பாதுகாப்புத் துறையின் சாதாரண ஊழியராக, ஒரு சின்ன மரப்படகுக்குக் கேப்டனாக இருந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டால் அவர் மனைவி ஃபுமியே, "தபால் ஆபீஸ் உத்தியோகம் மாதிரிதான். என்ன, இது வெடிக்கும்" என்பாள்.

1950 அக்டோபரில் திடீரென்று எல்லா ஊர்களிலும் கண்ணி எடுக்கும் படகுகளை எங்கள் நீரிணைக்கு வரச் சொன்னார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் கொரியாவில் கோடையிலிருந்தே சண்டை நடந்துகொண்டிருந்தது.

"எங்கங்க போறீங்க?" என்று ஃபுமியே கேட்டாள்.

"வழக்கமான வேலைதான்."

"மீன் சந்தையில கொரியான்னு சொல்றாங்க."

"சந்தையில சொல்றதுக்கெல்லாம் நான் என்ன பண்ண முடியும்?"

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலாமே."

அவருக்கே தெரியாது. கரை மறைந்த பிறகுதான் படகுக் கூட்டத்தின் தலைவர் தெராஷிமா ஒலிபெருக்கியில் விஷயத்தைச் சொன்னார். கொரியாவின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுகம். அமெரிக்கத் துருப்புகள் இறங்குவதற்கு வழி சுத்தம் செய்ய வேண்டும். சண்டை நடக்கும் இடத்துக்குள் நம்மை அனுப்பமாட்டார்கள், அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

இயந்திர அறையிலிருந்து முகாய் தலையை நீட்டினான். சொனொபேயின் கூடவே போர் முழுக்க இருந்தவன், வாய் அடங்காதவன். "சொன்னவங்களும் கூட வர்றாங்களா கேப்டன்?"

"போய் உன் வேலையைப் பாருடா."

பிறகு கொடியை இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் நாட்டுக் கொடி இருக்கக் கூடாது. சைகைக் கொடி ஒன்றைக் கட்டினால் போதும். துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சொனொபே சற்று நேரம் நின்றார். நடுக்கடலில் யாராவது கேட்டால் நாம் யார் என்று சொல்வது? கடற்படையா, இல்லை. மீன்பிடிக்க வந்தவர்களா, அதுவும் இல்லை.

அந்தத் துறைமுகத்துக்கு வெளியே பெரிய பெரிய போர்க்கப்பல்கள் நின்றன. தூரத்துக் குன்றுகளில் புகை. இவர்களுடைய வேலை அவற்றுக்கெல்லாம் முன்னால் போய், இரண்டிரண்டு படகாகச் சேர்ந்து கம்பி வடத்தை நீருக்குள் இழுத்து, கண்ணியின் சங்கிலியை அறுத்து, மேலே மிதந்து வருவதைச் சுட்டு வெடிக்கவைப்பது. முதல் நாள் பிரச்சினை இல்லாமல் போயிற்று. சாயங்காலம் பக்கத்துப் படகில் வடம் பிடிக்கும் உசுய், முள்ளங்கி ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்றை இவர்கள் படகுக்குத் தூக்கி எறிந்தான். "எங்க வீட்டுக்காரி போட்டது! உப்பு அதிகம், குறை சொல்லாமத் தின்னுங்க!"

மறுநாள் மதியத்துக்குப் பின் உசுய் இருந்த படகு வெடித்தது.

சொனொபே அதை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் ஒரு சுவர்போல எழுந்தது. அது கீழே விழுந்தபோது அந்த இடத்தில் பலகைகளும் எண்ணெயும்தான் மிதந்தன. கிட்டே போக முடியவில்லை; சுற்றிலும் இன்னும் எத்தனை கண்ணிகள் என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்கப் படகு ஒன்று வந்து தண்ணீரில் கிடந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டது. எல்லாருக்கும் காயம். உசுய் மட்டும் கிடைக்கவில்லை.

தெராஷிமாவின் கப்பலில் கேப்டன்கள் கூடினார்கள். யாரும் உட்காரவில்லை.

"நாங்க சிப்பாய்ங்க இல்ல தெராஷிமா ஐயா," என்றார் சொனொபே. "சண்டை வேண்டாம்னு சட்டமே போட்டாச்சு. எந்த உரிமையில என் ஆளுங்களை இதுக்குள்ள இழுத்துட்டுப் போவேன்?"

"எனக்கு மட்டும் ஆசையா? அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகணும், நாடு நம்ம கைக்குத் திரும்பி வரணும். அதுக்கு இவங்க தயவு வேணும். இன்னைக்கு நாம முடியாதுன்னா டோக்கியோவுல என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க."

"அப்போ உசுய் அந்த ஒப்பந்தத்துக்கு முன்பணமா?"

அப்போது அமெரிக்க அதிகாரி ஒருவர் வந்து சுருக்கமாகப் பேசினார். மொழிபெயர்த்தவன் ஹவாயில் பிறந்த ஜப்பானியப் பையன், நெற்றி வேர்த்திருந்தது. "விடிஞ்சதும் வேலையைத் தொடங்கணுமாம். இல்லேன்னா இப்பவே இடத்தைக் காலி பண்ணணுமாம். சும்மா நின்னீங்கன்னா அப்புறம் என்ன நடந்தாலும் அவங்க பொறுப்பில்லையாம்." பிறகு தன் குரலில், மெல்ல, "'என்ன நடந்தாலும்'னா என்னன்னு நான் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க" என்றான்.

தன் படகுக்குத் திரும்பிய சொனொபே ஆட்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். எல்லோரும் முகாயைப் பார்த்தார்கள்.

"முடிவு நீங்கதான் பண்ணணும் கேப்டன்," என்றான் அவன். "தப்பாப் போச்சுன்னா திட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும்ல." பிறகு அவனே சொன்னான்: "ஒண்ணு மட்டும். நாம எடுக்காத வெடி எங்கயும் போயிடாது. நமக்குப் பின்னாடி வர்றவன் எவனோ அது மேல ஏறுவான்."

"தெரியும்டா."

"தெரிஞ்சாச் சரி."

சொனொபே படகைத் திருப்பினார். வேறு சில படகுகளும் திரும்பின. தெராஷிமாவும் மற்றவர்களும் அங்கேயே இருந்துவிட்டார்கள். போர்க்கப்பல்களின் பீரங்கிகளுக்குக் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. எவனும் கீழே அறைக்குள் இறங்கவில்லை. முகாய்கூட இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு மேலே வந்து நின்றான். பின்னால் ஒரு சத்தம் வரும், வரும் என்று கழுத்து விறைத்துப் போய் நின்றார்கள். எதுவும் வரவில்லை. கப்பல்கள் கடலோடு கடலாக மறைந்த பிறகும் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை.

ஊர் திரும்பிய வாரத்திலேயே சொனொபேயின் வேலை போயிற்று. டோக்கியோவிலிருந்து வந்த அதிகாரி மிகவும் மரியாதையாகப் பேசினார். "இப்படி ஒரு விஷயம் நடக்கவே இல்லை, சொனொபே."

"நடக்காததுக்கு எதுக்கு என்னை வேலையை விட்டு அனுப்புறீங்க?"

"உங்களுக்கு உடம்பு சரியில்ல. அதனால விலகிட்டீங்க."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கடலில் இருந்ததைவிட மோசமானவை. அமெரிக்க ராணுவ நீதிமன்றம் கூப்பிடும் என்று ஒருவர் சொன்னார். இல்லை, சத்தமில்லாமல் தூக்கிப்போவார்கள் என்றார் இன்னொருவர். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் ஃபுமியே கையிலிருக்கும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிடுவாள். ஒருநாள் ஜீப் அவர்கள் வாசலிலேயே நின்றது. இறங்கிய சிப்பாய் துறைமுகத்துக்கு வழி கேட்டான். சொனொபே கையை நீட்டிக் காட்டினார். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போன பிறகு அவரால் நீட்டிய கையை மடக்க முடியவில்லை.

அங்கேயே தங்கிய படகுகள் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிவந்தன. வேறு யாரும் சாகவில்லை என்று கேள்விப்பட்டதும் அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. உடனே இன்னொரு நினைப்பு வந்து குத்தியது: அப்படியானால் நானும் இருந்திருக்கலாமோ?

உசுயின் மனைவி நோபுயோவைப் பார்க்க, செத்தோ உள்நாட்டுக் கடலில் அவள் இருந்த தீவுக்கு சொனொபே போனார். போக வேண்டாம் என்று ஃபுமியே தடுக்கவில்லை. அந்தக் கடலில் வேலை பார்க்கும்போது உசுய் இறந்ததாக நோபுயோவிடம் அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள்; யாரிடமும் பேசக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். அவள் தேநீர் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"தண்ணி ரொம்பக் குளிரா இருந்துச்சாங்க?" என்று கேட்டாள்.

உள்நாட்டுக் கடல் அந்த மாதத்தில் குளிராது. அவளுக்கும் அது தெரியும். சொனொபே தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வாய் திறந்தால் தன் வீட்டுக்கு ஆபத்து, ஒருவேளை இவளுக்கும்.

"குளிராத்தாம்மா இருந்துச்சு. அது கொரியா கடல்."

நோபுயோ வாசலுக்கு வெளியே தெரிந்த கடலைப் பார்த்தாள். "தினமும் கரைக்குப் போயி இந்தக் கடலைத் திட்டிட்டு வந்தேன்," என்றாள். "பாவம், இது ஒண்ணும் பண்ணல."

"வெளிய சொல்லிடாதீங்க. என்ன பண்ணுவாங்கன்னு தெரியல."

"சண்டையில செத்தாரா, வேலையில செத்தாரா? அதையாவது சொல்லுங்க."

"வேலைன்னு சொல்லித்தாம்மா எங்களைக் கூட்டிட்டுப் போனாங்க."

இரண்டு வருஷம் போயிற்று. அதற்குள் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதே நாளில் அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தமும் ஆனது. அவர்கள் ஆட்சி முடிந்தது, அவர்கள் ராணுவத் தளங்கள் மட்டும் இருந்துவிட்டன. படை என்ற சொல்லைத் தவிர்த்து வேறு பெயரில் கடலுக்கு ஒரு புதிய அமைப்பு வந்தது. அந்த அக்டோபரில் உசுய்க்குத் தீவுக் கோயிலில் நினைவுச் சடங்கு. சொனொபே பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். புதிய அமைப்பின் சீருடையில் தெராஷிமாவும் வந்திருந்தார்.

பிக்கு இறந்தவரின் பெயரைச் சொல்லி, "செத்தோ கடலில் உயிர்நீத்த..." என்று தொடங்கினார்.

"இல்ல சாமி," என்றாள் நோபுயோ. குரல் உயரவில்லை. "கொரியாவுல."

பிக்கு ஓதுவதை நிறுத்தினார். எல்லோருடைய பார்வையும் சீருடையின் மேல் போயிற்று. தெராஷிமா நெற்றி பாயில் படும்படி அவளை நோக்கிக் குனிந்தார்.

"ஆமாம்மா. கொரியாவுல," என்றார்.

பிக்கு இடத்தின் பெயரை மாற்றி முதலிலிருந்து ஓதினார்.

படித்துறையில் படகுக்குக் காத்திருந்தபோது தெராஷிமா சொனொபேயின் பக்கத்தில் வந்து நின்றார். "கண்ணி எடுக்கத் தெரிஞ்ச ஆளுங்க பத்தல. நீங்க திரும்பி வரணும்."

"நான் ஓடிப்போனவன் ஆச்சே."

"அப்படி நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க திரும்பிப் போனப்ப உங்க படகையே பாத்துட்டிருந்தேன். பொறாமையா இருந்துச்சு."

"நீங்க அங்க நின்னதை நினைச்சு எனக்கும் தூக்கம் இல்ல." பிறகு சொனொபே கேட்டார்: "மறுபடி எங்கயாவது கூப்பிட்டா?"

"கூப்பிடமாட்டாங்கன்னு சொல்லணும்னு ஆசைதான்," என்றார் தெராஷிமா. "இனிமே நாம அவங்க கூட்டாளி. கூட்டாளியை வேலைக்குக் கூப்பிட மாட்டாங்களா?"

சொனொபே அந்தக் குளிர்காலமே வேலையில் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை எங்கள் நீரிணையிலும் பக்கத்துக் கடல்களிலும் கண்ணி எடுத்தார். அதைத் தாண்டி அவரை யாரும் அனுப்பவில்லை. ஆனால் உலகத்தில் எங்கே சண்டை மூண்டாலும் வானொலிச் செய்தியை முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஃபுமியே அதுவரை சோற்றை மூடிவைத்திருப்பாள்.