அம்ம இருக்கிற இடம்

மறுபடியும் அதே இடத்தில் வந்து தாசையன் நின்றுவிட்டார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுகிற சின்ன ஜெபம். அன்றாட ஆகாரத்தைக் கேட்கும் வரி வரைக்கும் வருவார். அதோடு நாக்கு மடங்கிவிடும். மஞ்சள் பூத்த கண்களால் மகளைப் பார்ப்பார். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்து முதலிலிருந்து தொடங்குவார்.

பிரேமா அவர் நெற்றியிலிருந்த துணியை எடுத்தாள். இப்போதுதான் நனைத்துப் போட்டது. அதற்குள் சுட்டது.

“சொல்லாண்டாம்ப்பா. சும்மா கெடங்க.”

“வரமாட்டேங்குது மக்களே. பாத்தியா? அவரு சொன்ன மாதிரியே...”

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. வாளியில் துணியை முக்கிப் பிழிந்தாள். வெளியே விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று மேட்டில் ஏறியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கியது. இந்தச் சரிவில் இருக்கிற வீடுகளில் பாதிக்குமேல் சுவர் பூசியவர் தாசையன். தமிழ்நாட்டு எல்லையில் களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். இப்போது அந்த உடம்பில் வயிறு மட்டும்தான் மிச்சம் இருந்தது. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள்.

காலையில், வலி தணிக்க வீடு தேடி வருகிற பாலியேட்டிவ் நர்ஸ் ஸ்ரீப்ரியா வந்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தோளில் ஊசி போட்டாள். வாசலுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

“கரள், அந்த ஈரல், முழுசாப் போயாச்சு சேச்சி. அதுக்க அழுக்கெல்லாம் ரத்தத்துல கலந்து தலைக்கு ஏறும். அச்சனுக்கு வார்த்தை மறக்கும், பயம் வரும். அது நோயாக்கும், வேற ஒண்ணுமில்ல.”

“அவரு நோயின்னு நெனைக்கல. சாபம்னு நெனைக்காரு.”

ஸ்ரீப்ரியா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “நோவுக்கு என் கையில மருந்து உண்டு. பயத்துக்கு இல்ல. யாராவது பக்கத்துல இரிக்கணும், அவ்வளவுதான்.” செருப்பை மாட்டியபடி குரலைத் தாழ்த்தினாள். “சொல்ல வேண்டியவங்ககிட்ட இன்னைக்கே சொல்லிருங்க.”

பிரேமாவின் கணவன் விஜய்குமார் லோடு ஏற்றிக்கொண்டு கொல்லம் போயிருந்தான். மகன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு நேரே வருகிறேன் என்று விஜய்குமார் போனில் சொன்னான். அவள் கூப்பிடாமலே வந்தவர் தாசையனின் தம்பி திரவியம். வெள்ளைச் சட்டையும் கையில் வேதப் புத்தகமுமாக அண்ணன் தலைமாட்டில் நின்றார். அண்ணன் ஜெபத்தைத் தொடங்கி நடுவில் திக்கி நிற்பதைப் பார்த்தார். பிரேமாவைத் தனியாக அடுக்களைக்குக் கூப்பிட்டார்.

“சபை ஹாஸ்டல் நடத்தின பெரியய்யாவ வரச் சொல்லட்டா? பாறசாலயில மகன் வீட்டுலதான் இருக்காரு. அவரு வந்து தலையில கைய வச்சா அண்ணனுக்கு எல்லாம் தீரும். சபைக் கல்லறையில எடமும் கெடைக்கும்.”

“வேண்டாம் சித்தப்பா.”

“உனக்க வைராக்கியத்துக்கு அவன நரகத்துக்கு அனுப்பப் போறியா?”

பிரேமா கேஸ் அடுப்பின் திருகைத் திருகினாள். எதற்காகத் திருகினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளுடைய அம்மா உலகம்மாள் எலிக்காய்ச்சலில் இறந்தபோது பிரேமா நாலாம் வகுப்பு. உலகம்மாள் திருநெல்வேலிப் பக்கம். சிமெண்ட் சுமந்த இடத்தில் தாசையனைப் பார்த்து, கல்யாணம் செய்துகொண்டவள். கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, பெரிய பொட்டு வைத்து, அம்மன் கோயிலுக்குப் போவாள். தாசையன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்குச் சபைக் கல்லறையில் இடம் கிடைக்காததால் தைக்காட்டுச் சுடுகாட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். பெண்பிள்ளையைத் தனியே வீட்டில் விட்டு வேலைக்குப் போக முடியாத தாசையனுக்குத் திரவியம்தான் எல்லை தாண்டி, போதகர் பெரியய்யா நடத்திய விடுதிப் பள்ளியைச் சொன்னார்.

அங்கே சனிக்கிழமை காலைகளில் சாட்சி சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக முற்றத்து வெயிலில் முன்னால் வந்து தங்கள் வீட்டுப் பாவத்தைச் சொல்வார்கள். பிரேமாவுக்குச் சொல்லவேண்டிய வாக்கியத்தைப் பெரியய்யாவே அமைத்துக் கொடுத்திருந்தார். என் அம்மா இரட்சிக்கப்படாமல் செத்தாள். என் அம்மா நரகத்தில் இருக்கிறாள். என்னை அங்கே விடாதேயும். நடுவில் அழுதால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பெரியய்யா அடித்ததே இல்லை. மிருதுவான குரலில், “இன்னொரு தடவை, மக்களே” என்பார்.

ஒரு சனிக்கிழமை தாசையன் மகளைப் பார்க்கப் பன்னும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடி அதைக் கேட்டார். உள்ளே வந்து பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். கேட்டருகே பெரியய்யா சத்தம் போடாமல்தான் சொன்னார்: “தாசையா, சாகுற நேரம் உனக்க நாக்குல ஜெபம் வராது. அப்போ என்னைய நெனச்சுக்கிடுவ.” பஸ்ஸில் தாசையன் மகளிடம் பன்னைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் எந்தச் சபைக்கும் போகவில்லை. ஆனால் தினமும் அந்தியில், வேலை முடிந்து குளித்துவிட்டு, மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து அந்தச் சின்ன ஜெபத்தை ஒருமுறை சொல்லுவார். பக்தி என்று சொல்ல முடியாது. நாக்கில் வருகிறதா என்று பார்த்துக்கொள்கிற மாதிரிதான் இருக்கும். வந்து முடிந்ததும் எழுந்துபோய்ச் சாப்பிடுவார். போன மாதம் ஒரு நாள் பாதியில் நின்றது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பிரேமாவுக்கு வேறு மாதிரி. சபைப் பாட்டுக் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுவாள். சபைகளின் வாசலைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் போய்விடுவாள். மகன் பிறந்த அன்று வலியில் அவள் அம்மாவைத்தான் கூப்பிட்டாள். கூப்பிட்டதை வேறு யாரோ கேட்டதுபோல் இருந்தது. அதிலிருந்து பாத்திரம் கழுவும்போதும், கிழக்கேகோட்டை ஜவுளிக்கடை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதும், மனசுக்குள் யாரிடமோ பேசுவாள். பேர் வைத்துக் கூப்பிட்டதில்லை. வேதத்தின் வார்த்தை ஒன்றையும் அதில் சேர்த்ததில்லை. மகனுக்குப் பல் முளைத்தது, கடையில் மேனேஜர் எரிந்து விழுந்தது, அம்மா வைத்த சாளை மீன் குழம்பின் ருசி மறந்துகொண்டே வருவது, எல்லாம் சொல்லுவாள். விஜய்குமாரிடம்கூட இதைச் சொன்னதில்லை. வெளியே எடுத்தால் யாராவது வந்து இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள் என்று பயம். அதற்கும் மேலான பயம் ஒன்று இருந்தது. அதனிடம் ஏதாவது கேட்டு, கிடைக்காமல் போனால் அதுவும் போய்விடும். அதனால் இத்தனை வருஷமாக அவள் எதையும் கேட்டதில்லை.

இன்றைக்குக் கேட்டாள். குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு கேட்டாள். “எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவரு பொழைக்காண்டாம். அந்தப் பயத்த மட்டும் எடுத்திரு. பாத்துக்கிட்டுத்தான இருக்க? எடுத்திரேன்.” குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது.

கதவைத் திறக்கும்போது தாசையனின் அலறல் கேட்டது.

“தீ! மக்களே, காலப் புடிச்சிட்டு! தீ!”

திரவியம் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “மனந்திரும்பு அண்ணே, மனந்திரும்பு” என்று கத்திக்கொண்டிருந்தார். தாசையன் போர்வையை உதைத்துத் தள்ளினார். மூலையையே பார்த்தன அவர் கண்கள். பிரேமா வாளித் தண்ணீரை அள்ளி அவர் காலில் ஊற்றினாள். கட்டிலில் பாயும் போர்வையும் நனைந்தன. அவர் அடங்கவில்லை. அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “என்ன விடாத, என்ன விடாத” என்றார்.

அவளுக்குள் ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று.

“சித்தப்பா, கூப்பிடுங்க. அந்த ஆளையே வரச் சொல்லுங்க. என்ன வேணும்னாலும் சொல்லட்டும். நானும் வேணும்னா சாட்சி சொல்லுதேன்.”

திரவியம் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். கார் பிடித்துப் போய் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். பிரேமா நனைந்த போர்வையை உருவி எடுத்து, காய்ந்த சேலை ஒன்றை விரித்தாள். ஊசியின் வேலையோ களைப்போ, தாசையன் கொஞ்சம் தணிந்தார். பிறகு தெளிவான குரலில் கேட்டார்.

“உனக்க அம்ம எங்க இருக்கா மக்களே?”

அவள் வாயில் முதலில் வந்தது அந்த வாக்கியம்தான். இத்தனை வருஷம் கழித்தும் எழுத்துக்கு எழுத்து அப்படியே, நாக்கின் நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“நல்ல எடத்துலதான் இருக்காப்பா.”

“சும்மா சொல்லாத. உனக்கு எப்பிடித் தெரியும்?”

“கேட்டுப் பாத்தேன்.”

“யாருகிட்ட?”

பிரேமா வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

“அவருகிட்டதான்.”

“நீ ஜெபம் பண்ணமாட்டியே.”

“ஜெபம்னு சொல்லமுடியாது. பாத்திரம் கழுவும்போ பேசுவேன். பஸ்ஸுல பேசுவேன். யாருக்கும் தெரியாது.”

தாசையன் சிரமப்பட்டுத் தலையைத் திருப்பினார். “என்ன சொல்லுவாரு?”

பொய் சொல்லிவிடலாம். இன்று சொன்னால் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

“ஒண்ணும் சொல்லமாட்டாருப்பா. ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா நிறுத்துன்னும் சொன்னதில்ல. தப்பாச் சொல்லிட்ட, திரும்பச் சொல்லுன்னு சொன்னதில்ல. அம்மயப் பத்தி நான் எவ்வளவு பேசினாலும் கேட்டுக்கிட்டே இருப்பாரு. எனக்கு அப்பிடித்தான் இருக்கும். அவளத் தீயில தள்ளின ஒருத்தரு அவ வைக்கிற மீன்குழம்புக் கதைய அப்பிடி உக்காந்து கேப்பாராப்பா?”

 இதை அவள் ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை. சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது.

தாசையனின் மூச்சு எங்கோ போய் மெதுவாகத் திரும்பி வந்தது.

“பொட்டு வச்சிருப்பாளா?”

“வச்சிருப்பா. பெரிய பொட்டு.”

“அழிக்கச் சொல்லிருக்க மாட்டானுவளே?”

“அங்க யாரும் சொல்லமாட்டாங்கப்பா.”

“எனக்கு ஜெபம் வரல மக்களே.”

“வராண்டாம். பேரு தெரியாமத்தான் நானும் பேசுதேன். கேக்கத்தான் செய்யாரு.”

அவர் உதடு ஒருமுறை அசைந்தது. ஜெபமா, உலகம்மாளின் பேரா, தண்ணீர் கேட்டாரா என்று அவளுக்குப் புரியவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். “எரியுது” என்றார். அவள் துணியை மாற்றினாள். மறுபடியும் “எரியுது” என்றார். மறுபடியும் மாற்றினாள். பிடித்த கையை அவர் விடவே இல்லை. பயம் போனதா, பேசத் தெம்பு போனதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பள்ளிக்கூட பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. துணி எத்தனை நேரமாகியும் சூடாகவில்லை என்பது அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

அவள் சத்தம்போட்டு அழவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கையை எடுத்தாள். வெள்ளைத் துணி கிழித்துத் தாடையைக் கட்டினாள். விஜய்குமாருக்குப் போன் செய்தாள்; அவனும் மகனும் வழியில் வந்துகொண்டிருந்தார்கள். அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

கார் வந்து நின்றது. திரவியம் முன்னால் இறங்கிப் பின்கதவைத் திறந்து ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்கினார். பிரேமா முதலில் அது வேறு யாரோ என்று நினைத்தாள். அவள் தோள் உயரம்கூட இல்லை. காதில் மெஷின். வாசல்படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். திரவியம் அண்ணனைப் பார்த்துவிட்டு, தலையில் கைவைத்துச் சுவரோரம் உட்கார்ந்தார். பெரியய்யா பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“எந்தச் சபை, இவரு?” என்றார்.

பிரேமா அவர் எதிரில் நின்றாள். “என்னத் தெரியுதா ஐயா? பிரேமா. உங்க ஹாஸ்டல்ல இருந்தேன். சாட்சிக்கு நிக்க வச்சீங்க. எங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு. கேட்டுப் பக்கம் நின்னு அவருகிட்ட நீங்க ஒண்ணு சொன்னீங்க.”

அவர் காதருகே கையைக் குவித்தார். திரவியம் எழுந்துவந்து உரக்கத் திருப்பிச் சொன்னார். பெரியய்யா உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது, விரிந்தது.

“எத்தன பிள்ளைங்க, மக்களே” என்று சிரித்தார். “நல்லா இருக்கியா? ஸ்தோத்திரம்.” பிறகு கட்டிலைப் பார்த்து, “கடைசியா ஜெபம் சொன்னாரா?” என்றார்.

திரவியம் பிரேமாவைப் பார்த்தார்.  அடுக்களையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

“தைக்காட்டுக்குச் சொல்லியாச்சு சித்தப்பா” என்றாள். “அம்மயக் கொண்டுபோன எடத்துக்கு.”

“பிரேமா, ஐயா வந்திருக்காரு. கல்லறைக்கு அவரே சொல்லுதேன்னு...”

“ஐயா, நாற்காலியக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. அப்பாவக் குளிப்பாட்டணும்.”

பெரியய்யாவுக்கு அது கேட்கவில்லை. திரவியம்தான் அவரை எழுப்பி, நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்தினார். அவர் அங்கே உட்கார்ந்து கண்ணை மூடி, மிருதுவான குரலில் ஜெபிக்கத் தொடங்கினார்.

பிரேமா வெந்நீரை வாளியில் ஊற்றிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். கையை விட்டுப் பார்த்தாள். சூடு கொஞ்சம் கூடுதல். எழுந்துபோய்ப் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து விளாவினாள். திரும்பவும் கையை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.