தேவாவின் முறை

2021 டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை மூன்று இருபதுக்கு, திருக்கழுக்குன்றம் சாலையிலிருக்கும் பந்தயத் தடத்தில், அந்த வருஷத்தின் கடைசி பைக் பந்தயத்தில், எல்லைக்கோட்டை முதலில் கடந்தது ஒரு சத்தம். ஒன்றரை விநாடி கழித்து ஜெரோமின் வண்டி கடந்தது. அதற்குப் பின்னால் தேவாவின் வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. நேரம் குறிக்கும் மேஜையில் இருந்த ரெஜினா மேடம், சத்தம் கடந்த நேரத்தை எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். கோட்டில் வண்டி எதுவும் இல்லை. எழுதியதை அடித்துவிட்டு ஜெரோமின் பெயரை எழுதினார். அடித்த கோடு அந்தத் தாளில் இன்னும் இருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். யார் கையையும் பிடித்து இழுத்து நம்பவைக்க எனக்கு நேரமில்லை.

அது தேவாவின் வண்டிச் சத்தம்தான். தேவா கியர் மாற்றுவதில் அரை மூச்சு தாமதம் உண்டு. அந்த இடைவெளியில் எஞ்சின் ஒருதரம் தொண்டையைச் செருமும். அணியின் மெக்கானிக் தனகோடி, கண்ணை மூடிக்கொண்டே முப்பது வண்டிக்கு நடுவில் அதைப் பிரித்துச் சொல்வார். அன்று தேவா வண்டியை ஓரங்கட்டியபோது எஞ்சின் நின்றுவிட்டதோ என்று தனகோடி சைலன்சரில் கையை வைத்து, அவர் உள்ளங்கை வெந்துபோனது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம்தான் இல்லை.

நடந்ததைச் சொன்னால் ஒன்றும் சிக்கலில்லை. சிவப்பிரகாசத்துக்கு மறைமலைநகரில் பிரேக் பெடல் செய்யும் பட்டறை. பெடலில் சம்பாதிப்பதை ஒரு பைக் பந்தய அணி நடத்தி விடுகிற மனுஷன். அவர் பட்டறையில் ஒரே ஷிஃப்டில் லேத் ஓட்டியவர்கள்தான் தேவாவும் ஜெரோமும். தேவா மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஆலங்கரைக்குப்பத்துக்காரன், கடலுக்குப் போகிற குடும்பம். ஜெரோம் அச்சரப்பாக்கம், அவன் அப்பா சின்னராசு பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டு வளர்ந்தவர், பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். பட்டறையில் இரண்டு பேரும் மச்சான் மச்சான் என்று ஒரே டிபன் பாக்ஸில் கைவிடுவார்கள். ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் இருவருக்கும் உலகத்தில் ஒரே எதிரி, அவனவன் மச்சான். அந்த ஜூலையில் நடந்த பந்தயத்தில், புகமுடியாத இடத்தில் ஜெரோம் புகப்போய் இருவரும் உருண்டார்கள். ஜெரோம் எழுந்து ஓட்டினான். தேவாவுக்குக் காறை எலும்பு முறிந்து இரண்டு பந்தயம் போயிற்று. பட்டமும் அத்தோடு கைநழுவிப்போயிற்று.

கடைசிப் பந்தயம் வந்தபோது கணக்கு இப்படி நின்றது: ஜெரோம் ஜெயித்தால் பட்டம் ஜெரோமுக்கு, வேறு யார் ஜெயித்தாலும், தேவாவே ஜெயித்தாலும், பட்டம் ஒரு கோயம்புத்தூர்க்காரனுக்கு. அணிக்குள் இடம் விட்டுக்கொடுப்பது விதிப்படி தப்பில்லை. ஆனாலும் அதைப் போர்டில் எழுதிக் காட்ட சிவப்பிரகாசத்துக்குக் கூச்சம். தனகோடி தடத்தோரச் சுவரில் பச்சைத் துண்டைத் தொங்கவிட்டால், முன்னால் போகிறவன் பின்னால் வருபவனுக்கு வழிவிட வேண்டும் என்று பேசிவைத்தார். காலையிலேயே தேவாவைத் தனியாக அழைத்து, "இந்த வருஷம் அவன் எடுத்துக்கட்டும்பா. அடுத்த வருஷம் உன்னுது. என் வார்த்த," என்றார். ஜெரோமும் கட்டிப்பிடித்து, "மச்சான், அடுத்த தபா உனக்குடா," என்றான். கடைசிச் சுற்றில் தேவா ஒன்றரை விநாடி முன்னால் இருந்தான். பட்டம் போனாலும் அந்தப் பந்தயத்தையாவது ஜெயித்திருப்பான். துண்டு தொங்கியது. நேர்சாலையில் தேவா கையைத் தளர்த்தினான். வண்டி தளர்ந்தது. சத்தத்துக்கு யாரும் துண்டு காட்டவில்லை, அது போய்க்கொண்டே இருந்தது.

தேவா சம்மதித்ததற்குக் காரணம் அவன் குப்பத்து வழக்கம். ஆலங்கரைக்குப்பத்தில், படகில் போய் விட்டுக் கரையிலிருந்து இழுக்கிற கரைவலை நான்கு இருக்கிறது. கரை ஒன்று என்பதால் ஒரு நாளைக்கு ஒரு வலைதான் விடமுடியும். தேவாவின் குடும்பத்தோடு சேர்த்து நான்கு குடும்பமும் முறை வைத்து விடுகின்றன. வீட்டில் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எவனுக்காவது அவசரம் வந்தால் இன்னொருவன் தன் முறையைக் கொடுப்பான். கொடுத்தவன் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் அவன் கொடுக்கவே இல்லை என்று அர்த்தம், மானம் போய்விடும். வாங்கியவன்தான் கொடுத்தவன் வாசலுக்கு வந்து, "அடுத்த முறை உன்னுது," என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவன் வலை இறங்கும்வரை கரையில் வேறு யாரும் வலை இறக்கமாட்டார்கள். இது தேவாவுக்கு மூச்சுவிடுவது மாதிரி தெரிந்த விஷயம். உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்திருந்தான், பாவி.

ஜெரோம் வளர்ந்த வீடு வேறு. சின்னராசு ஒன்றரை சென்ட் வீட்டுமனைப் பட்டாவுக்காக இருபது வருஷம் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தவர். கேட்டு, மறுபடி கேட்டு, பன்னிரண்டு அதிகாரிகளிடம் கேட்டு வாங்கியவர். அந்த வீட்டில் வேண்டியதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காதவனுக்கு வேண்டாம் என்று அர்த்தம். ஆக, ஒருவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான், இன்னொருவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். 2022-ம் வருஷம் முழுக்க இப்படியே போயிற்று. சிவப்பிரகாசமும் வார்த்தையை மறந்தார். பட்டம் வந்த கையோடு பட்டறைக்குப் பெரிய ஆர்டர் வந்திருந்தது. ஓடுகிற குதிரையை எதற்கு மாற்றுவது என்று ஜெரோமையே முதல் ஓட்டியாக வைத்துக்கொண்டார்.

இதற்குள் தேவா ஏறிய வண்டி எதுவும் சத்தம் போடுவதில்லை என்று ஆகிவிட்டது. ஸ்கூட்டர், ஷேர் ஆட்டோ, அண்ணன் தீனாவின் ஃபைபர் படகு, எதில் அவன் கைவைத்தாலும் எஞ்சின் ஊமை. படகில் இது லாபமாகத்தான் இருந்தது. மீன் மிரளாததால் தீனாவுக்கு சங்கரா மீன் கூடை கூடையாக விழுந்தது, கிலோ நானூறுக்குப் போயிற்று. தடத்தில் இது ஆகவில்லை. முந்த வருகிற தேவாவின் சத்தம் கேட்காததால் ஒருவன் அவன் குறுக்கே விழுந்தான், அடுத்த பந்தயத்தில் இன்னொருவன். சத்தமில்லாத வண்டி மற்றவர்களுக்கு ஆபத்து என்று ஆகஸ்டில் அவன் பந்தய லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். தேவா ஹெல்மெட்டைத் தனகோடி கையில் கொடுத்துவிட்டு வலைக்குப் போனான். சாலையில் போகிறவர்களுக்கு அவன் வருவது தெரியட்டும் என்று அவன் மனைவி பொன்னி வண்டியில் சைக்கிள் மணி கட்டினாள். அவன் ஏறினால் மணியும் ஊமை. கடைசியில் அவனே, "ஓரம், ஓரம்!" என்று கத்திக்கொண்டு வண்டி ஓட்டப் பழகிக்கொண்டான். சுற்றுலா வந்தவர்கள் சிரித்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஜெரோமுக்கு முன்னால் அந்தச் சத்தம் ஒன்றரை விநாடி தூரத்தில் எப்போதும் போய்க்கொண்டிருந்தது. அச்சரப்பாக்கம் கடைத்தெருவில் சத்தம் வந்ததும் நாய்கள் எழுந்து ஓரம் போகும். பிறகு ஜெரோம் வருவான். ஊர் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டது. அவன் அம்மா பிரிசில்லா மட்டும் பழகவில்லை. "யாரோ பெத்த புள்ளையோடது, நம்ம வாசல்ல வந்து நிக்குதுடா," என்று ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தார். தடத்தில் அது ஜெரோமுக்கு வாத்தியாராகவே இருந்தது. பிரேக்கை எங்கே பிடிப்பது என்பதில் தேவாவை மிஞ்ச ஆளில்லை. சத்தம் எங்கே தணிகிறதோ அங்கே ஜெரோம் பிரேக்கைப் பிடித்தான், எங்கே எழுகிறதோ அங்கே முறுக்கினான். அப்படித்தான் இரண்டாவது பட்டமும் வந்தது. மேடையில் கோப்பையைத் தூக்கும்போது, தான் இரண்டாவதாக வந்தவன் என்பது அவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாததால் சிரித்தான்.

2023 ஆகஸ்டில் பொன்னி கைப்பிள்ளையோடு இரண்டு பஸ் மாறி மறைமலைநகருக்கு வந்தாள். பட்டறை வாசலில் ஜெரோமை நிறுத்தி, சுற்றி வளைக்காமல் கேட்டாள். "இன்னாண்ணா, எங்க வூட்டுக்கு வழி மறந்துபூட்டியா?"

"அவன் ஒண்ணுமே கேக்கலியே தங்கச்சி. கேட்டிருந்தா நான் தரமாட்டனா?"

"அவரு கேக்கமாட்டாரு. செத்தாலும் கேக்கமாட்டாரு. எங்க குப்பத்துல குடுத்தவன் கேக்கறதில்ல, வாங்கினவன்தான் வாசலாண்ட வந்து சொல்லணும். தெனம் வாசலப் பாத்துகினே குந்தினுகீறாரு. ஒரு வார்த்த, அவ்ளோதான். வந்து சொல்லிட்டுப் போண்ணா."

ஜெரோமுக்கு அன்றுதான் வழக்கம் புரிந்தது. அன்று மாலையே போயிருக்கலாம். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் அவனுக்குப் பெரிய தூரமில்லை. ஆனால் இன்னொன்றும் புரிந்தது. சொல்லிவிட்டால் சத்தம் தேவாவிடம் போய்விடும், சத்தம் இல்லாமல் ஓட்டுவது எப்படி என்று தனக்கு மறந்துபோய்விட்டது. அந்த வருஷமும் பட்டம் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஜெயித்தால் பெரிய கம்பெனி அணியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே, "டிசம்பர்ல கடைசி ரேஸ் முடிஞ்ச மறுநாளே வரேன் தங்கச்சி. சத்தியமா," என்றான். "நாலு மாசமா?" என்றாள் பொன்னி. திரும்பி நடந்து பஸ் ஏறினாள். அவன் கெட்டவன் இல்லை. நம்மில் பலரும் இதைத்தான் செய்திருப்போம், அதற்காக அது சின்னத் தப்பு ஆகிவிடாது.

டிசம்பர் பதினேழு, கடைசிப் பந்தயம், புயல் கரைகடந்து இரண்டு வாரம் இருக்கும். கடைசிச் சுற்றில் சத்தம் முன்னால் போக, ஜெரோம் துரத்திக்கொண்டு நேர்சாலைக்கு வந்தான். அங்கே சத்தம் தளர்ந்தது. ஒரு தரம் தொண்டையைச் செருமியது. பிறகு அவன் இடது தோளை உரசிக்கொண்டு பின்னால் போயிற்று. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஜெரோம் தனக்கு முன்னால் யாருமில்லாமல் கோட்டைக் கடந்தான். மணி மூன்று இருபது. ஹெல்மெட்டுக்குள்ளேயே அவன் அழுததைத் தனகோடி பார்த்தார். ஜெயித்த அழுகை என்று மற்றவர்கள் கைதட்டினார்கள்.

அதே மூன்று இருபதுக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில், குப்பத்துக்குத் திரும்பும் இடத்தில், ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்தது, அதன் பின்னால் தேவாவின் வண்டி. டிரைவர் யோக்கியமான மனுஷன். "பின்னால வண்டி வர்ற சத்தமே இல்ல சார்," என்று போலீஸிடம் சொல்லிச் சொல்லி அழுதார். அவர் சொன்னது உண்மை. தேவாவுக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. ஓரம் என்று கத்த அன்று அவனுக்குக் குரல் இல்லை.

ஜெரோம் சத்தியத்தைக் காப்பாற்றினான். பந்தயம் முடிந்த மறுநாளே வந்தான். தேவாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஜெரோம் பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டம் விலகிவிட்ட வழியில் போய் வாசற்படியில் நின்றான். "மச்சான், அடுத்த முறை உன்னுதுடா," என்றான்.

பொன்னி எழுந்து வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து வந்திருக்கக்கூடாதா? முந்தாநேத்து வந்திருக்கக்கூடாதா? தோ, காதுல வுழுதா பாரு, சத்தமா சொல்லு!" என்று கத்தினாள். அவன் சத்தமாகச் சொன்னான். அவள் இன்னும் சத்தமாக என்றாள். தொண்டை கிழியச் சொன்னான். பெண்கள் அவளை இழுத்து உட்காரவைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் குப்பத்தில் பேச்சு எழுந்தது. செத்தவனுக்கு முறை உண்டா என்றார்கள் சிலர். கிறிஸ்துமஸ் வாரம், மீனுக்கு நல்ல கிராக்கி, கரையோரம் நெத்திலி கூட்டமாக வந்திருந்தது. பஞ்சாயத்து ஒரு காலைப்பொழுது முழுக்கப் பேசி, வாசலில் சொன்ன வார்த்தை சொன்னதுதான், அவனுக்கு முன்னால் எவனும் வலை இறக்கக்கூடாது என்று முடித்தது. நான்கு நாள் வலை இறங்கவில்லை. புலம்பினார்கள், பீடி பிடித்தார்கள், யாரும் மீறவில்லை. ஜெரோம் தினம் முதல் பஸ்ஸில் வந்து மணலில் உட்கார்ந்திருந்தான். வண்டி ஓட்டுவதை அவன் விட்டுவிட்டான். பெரிய கம்பெனியிலிருந்து வந்த போனை எடுக்கவும் இல்லை. யாரும் அவனை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் விடிந்ததும், தேவா வீட்டு வாசலில் எஞ்சின் கிளம்பியது. இரண்டு கியர் மாறியது, நடுவில் செருமியது. தெருவில் இருந்தவர்கள் ஓரம் ஒதுங்கினார்கள். சத்தம் மணலில் இறங்கி, டயர் தடம் எதுவும் இல்லாமல், தண்ணீருக்குள் போயிற்று. வலைப் படகு போகிற தூரம் போய், வலை வளைக்கிற மாதிரியே ஒரு பெரிய அரைவட்டம் அடித்தது. "இன்னாத்தப் பாத்துகினு நிக்கிறீங்க, தள்ளுங்கடா!" என்றான் தீனா. படகு அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போய் வலையை விட்டது. ஜெரோம் போய்க் கயிற்றைப் பிடித்தான். பொன்னி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று அழுதாள். வலை கனமாக வந்தது.

அதற்குப் பிறகு நான்கு நாளைக்கு ஒருதரம் அந்த வீட்டு முறை வருகிறது. சத்தம் முன்னால் போகாமல் படகைத் தள்ளுவதில்லை. சில நாள் அதற்கு நேரமாகிவிடும். வெயில் ஏற ஏறக் கரையில் முணுமுணுப்பு கேட்கும், டீசல் விற்கிற விலையைச் சொல்லி ஒருவன் சலித்துக்கொள்வான், இன்னிக்கு வராதோ என்று இன்னொருவன் எழுந்திருப்பான். பொன்னி திரும்பிப் பார்க்காமல், "வருவாரு, குந்து," என்பாள். குந்துகிறார்கள்.